உங்கள் ஊர் ஏரிக்குப் பத்தாண்டுத் திட்டம் எழுதுவது எப்படி?

ஊர் ஏரியை அழகுபடுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் கூடவே ஒரு வண்ணப் படமும் வரும். கரையைச் சுற்றி நடைபாதை, நடுவில் நீரூற்று, படகுத் துறை, வாசலில் ஊர்ப் பெயரோடு 'ஐ லவ்' எழுத்துகள். அந்தப் படத்தில் வரத்துக் கால்வாயைத் தேடிப் பாருங்கள், இருக்காது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் இருக்காது. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கும் என்ற கோடும் இருக்காது. திறப்பு விழா முடிந்த மூன்றாவது ஆண்டில் நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கும், நீரூற்று மோட்டார் ஓடாது, ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடிக்கும். பிறகு இன்னொரு திட்டம், இன்னொரு படம்.

எங்கள் பகுதி ஏரியில் இந்தச் சுற்றை இரண்டு முறை பார்த்துவிட்ட பிறகுதான் நாங்கள் சிலர் உட்கார்ந்து பத்தாண்டுக்கான திட்டம் ஒன்றை எழுதத் தொடங்கினோம். எங்களில் ஒருவர்கூடப் பொறியாளர் இல்லை. காடுகளுக்கு வனத்துறை பத்தாண்டுக்கு ஒருமுறை செயல் திட்டம் எழுதுகிறது. சரணாலயங்களுக்கும் அதேபோல மேலாண்மைத் திட்டம் உண்டு. ஊர் ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒன்று கிடையாது. அந்த வேலையில் இறங்க நினைக்கும் குடியிருப்போர் சங்கம், நடைப்பயிற்சிக் குழு, புதிதாகத் தேர்வான வார்டு உறுப்பினர், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் ஏரிக்கு வரக் கூடாது என்று சொல்பவன் நான் இல்லை. காலையில் கரையில் நடக்கும் கூட்டம்தான் பல ஏரிகளைக் குப்பை லாரிகளிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் திட்டத்தில் தண்ணீர் முதலில் வர வேண்டும், மற்ற உயிர்களும் ஏரியை நம்பிப் பிழைப்பவர்களும் அடுத்து, பொழுதுபோக்கு அதற்குப் பின். வரிசை மாறினால் பொழுதுபோக்கும் நிலைக்காது.

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள்

"கவர்மெண்ட் ஏரி" என்பது பதில் ஆகாது. தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். நகர எல்லைக்குள் வந்துவிட்டால் மாநகராட்சியோ நகராட்சியோ பராமரிக்கலாம், நிலம் மட்டும் வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கும். சரணாலயமாக அறிவித்திருந்தால் வனத்துறையும் வரும். கரை ஒருவரிடம், தண்ணீர் ஒருவரிடம், மீன் ஒருவரிடம், கால்வாய் இன்னொருவரிடம் என்று பிரிந்து கிடப்பது சாதாரணம். ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு எது யாரிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கொடுக்கும் மனுக்கள் மேசைக்கு மேசை நகரும்.

தேவையான ஆவணங்கள் நான்கு. ஏரியின் சர்வே எண்களும் அவை எந்த வகைப் புறம்போக்கு என்ற விவரமும் அடங்கிய 'அ' பதிவேடு. அந்த எண்களுக்கான புல வரைபடம், அலுவலகங்களில் எஃப்.எம்.பி. என்றே சொல்வார்கள். பழைய கிராம வரைபடம். நான்காவதாக ஏரியின் மெமாயர். இந்த நான்காவதைப் பலருக்குத் தெரியாது. ஏரியின் கொள்ளளவு, முழு நீர் மட்டம், கரையின் உயரம், மதகுகளின் எண்ணிக்கை, கலங்கலின் நீளம், ஆயக்கட்டு எல்லாம் பதிந்த குறிப்பு அது. பொதுப்பணித் துறைக் காலத்து ஏரிகளுக்குப் பெரும்பாலும் இருக்கும். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "ஏரி பற்றிய எல்லா விவரங்களும்" என்று கேட்காதீர்கள். சர்வே எண் போட்டு, ஆவணத்தின் பெயர் சொல்லி, நகல் கேளுங்கள்.

ஆக்கிரமிப்பு இருந்தால், நீர்வளத் துறை (முன்பு பொதுப்பணித் துறை) ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஏரியை அளந்து எல்லைக் கல் நடுவதிலிருந்து அது தொடங்குகிறது. எனவே திட்டத்தின் முதல் கோரிக்கை எல்லை அளவீடாகவே இருக்கட்டும். ஒன்றை மனத்தில் வையுங்கள். கரையோரம் குடிசை போட்டு முப்பது ஆண்டாக இருக்கும் குடும்பத்தையும், சென்ற ஆண்டு மண் கொட்டி மனை பிரித்தவரையும் ஒரே வார்த்தையால் 'ஆக்கிரமிப்பாளர்' என்று எழுதிவிடாதீர்கள். முதல் வகைக்கு மாற்று இடம் எங்கே என்ற கேள்விக்கும் திட்டத்தில் ஒரு பக்கம் வேண்டும்.

தண்ணீர் வரும் வழியை நடந்தே பாருங்கள்

மற்ற எதில் அவசரப்பட்டாலும் இதில் அவசரம் வேண்டாம். ஏரி என்பது கரைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் அல்ல. மேலே அதற்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்பு நிலம், அங்கிருந்து வரும் வரத்துக் கால்வாய், நிரம்பினால் வெளியேறும் கலங்கல், அங்கிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் போக்குக் கால்வாய், மதகுக்குக் கீழே பாசன வயல், இவ்வளவும் சேர்ந்ததுதான் ஏரி. நம் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலித் தொடராகக் கட்டப்பட்டவை. மேல் ஏரியின் கலங்கல் தண்ணீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் ஆறு பேர், முன்பு எங்கள் ஏரியில் மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியாக இருந்த ஒரு பெரியவரோடு வரத்துக் கால்வாயைத் தேடிப் போனோம். எழுபதைத் தாண்டிய மனிதர், கையில் மூங்கில் கழி. கிராம வரைபடத்தில் கால்வாய் முப்பதடி அகலம். நாங்கள் பார்த்தது பெரிய வீட்டுச் சாக்கடை அளவு. ஓரிடத்தில் புதிய சாலை குறுக்கே போனது. பெரியவர் நின்றார். சாலைக்கு அடியில் போட்ட சிமெண்ட் குழாயைக் கழியால் தட்டினார். "இது தரைக்கு மேல இருக்குது பாருங்க சார். கால்வா அடிமட்டத்துக்கு ரெண்டடி மேல குழாயப் பொதச்சிருக்காங்க. ரெண்டடி தண்ணி இங்கயே நின்னாத்தான் மிச்சம் ஏரிக்குப் போவும்." அதுவரை தூர்வாரவில்லை என்பதால்தான் ஏரி நிரம்பவில்லை என்று நாங்கள் மனு எழுதிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு குழாயைச் சரியான மட்டத்தில் இறக்கிவைக்கும் செலவு ஏரியைத் தூர்வாரும் செலவில் மிகச் சிறு பங்குதான்.

ஆகவே உங்கள் ஊரில் நீர்க்கட்டியாக இருந்தவர், சில பக்கங்களில் கம்புக்கட்டி என்பார்கள், யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அவர் நடக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே கூட நடங்கள். அடைப்பு, சாலை, சாக்கடை கலக்கும் இடம், மண் கொட்டிய இடம் ஒவ்வொன்றையும் கைபேசியில் இடக்குறியோடு படம் எடுங்கள். மழை பெய்யும் நாளில் அதே வழியில் இன்னொரு முறை போங்கள். வெயிலில் தெரியாத பல விஷயங்கள் மழையில் தெரியும்.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 கன மீட்டர் தண்ணீர், அதாவது 10,000 லிட்டர். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் ஒரே நாளில் 50 மி.மீ. பெய்து அதில் முப்பது விழுக்காடு ஓடி வந்தால் ஏரிக்கு 1.5 கோடி லிட்டர். அந்த நிலம் முழுக்க வீடும் சிமெண்ட் தரையுமாக மாறி எழுபது விழுக்காடு ஓடி வந்தால் அதே மழைக்கு 3.5 கோடி லிட்டர். ஏரி மாறவில்லை, மழை மாறவில்லை, வெள்ளம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். கலங்கல் இன்றைக்குப் போதுமா என்ற கேள்வியைப் பொறியாளரிடம் கேட்க இந்தக் கணக்கு போதும். பதிலை அவர்தான் சொல்ல வேண்டும், கேள்வி நம்முடையது.

போகும் தண்ணீருக்கும் கணக்குப் போடுங்கள். கோடையில் ஒரு நாளுக்கு 5 மி.மீ. ஆவியானாலே 40 ஹெக்டேர் ஏரியிலிருந்து தினமும் 20 லட்சம் லிட்டர் போய்விடும். இது தெரிந்தால் "ஆண்டு முழுவதும் ஏரி நிரம்பி இருக்க வேண்டும், படகு ஓட வேண்டும்" என்ற ஆசையின் விலை என்ன என்று விளங்கும். நம் ஏரிகள் வற்றுவதற்கும் சேர்த்துத்தான் கட்டப்பட்டவை. கோடையில் வெடித்துக் காய்ந்த தரையில் மாடு மேயும், வண்டல் எடுப்பார்கள். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தவித்த சென்னை 2019 கோடையில் குடிநீர் ரயிலுக்குக் காத்திருந்தது. இடையில் இருப்பது நாலே ஆண்டு. பத்தாண்டுத் திட்டம் என்றால் இந்த இரண்டு வகை ஆண்டையும் தாங்க வேண்டும்.

ஓராண்டு நோட்டுப் புத்தகம்

திட்டம் எழுதும் முன் ஓராண்டு கவனித்து எழுதுங்கள். பொறுமை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். மாறாக, குழுவைக் கட்டிவைப்பதே இந்த நோட்டுதான். மதகுச் சுவரில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் துறையிடம் அனுமதி வாங்கிப் பெயிண்டால் கோடு போடுங்கள். வாரம் ஒரு நாள் அதே நேரத்தில் நீர் மட்டம். ஊரில் பெய்த மழை. தண்ணீரின் நிறம், நாற்றம், நுரை. செத்து மிதக்கும் மீன் இருந்தால் தேதியும் நேரமும்.

பறவைகளுக்குத் தனிப் பக்கம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் தனியாக ஒரு கணக்கெடுப்பும் நடக்கிறது. பறவை பார்ப்பவர்களை அப்போது உங்கள் ஏரிக்கு அழையுங்கள். அவர்கள் எண்ணிக்கையோடு நிற்க மாட்டார்கள், எந்தப் பறவை ஏரியின் எந்த மூலையைப் பயன்படுத்துகிறது என்று சொல்வார்கள். நமக்கு அதுதான் வேண்டும். உள்ளான்கள் கணுக்கால் ஆழத்தில் மேயும். மஞ்சள்மூக்கு நாரைக்கு முழங்கால் ஆழம் சரி. கூழைக்கடாவுக்கும் முக்குளிப்பானுக்கும் ஆழமான தண்ணீர் வேண்டும். தாழைக்கோழி கோரைப் புதர் இல்லாமல் வாழாது. ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குச் சட்டி போலத் தோண்டினால் இவற்றில் பாதி போய்விடும் என்பது இந்தப் பக்கத்தைப் பார்த்தாலே புரியும்.

மனிதர்களையும் எண்ணுங்கள். வார நாள் காலை, வார நாள் மாலை, ஞாயிறு மாலை, காணும் பொங்கல் என்று நான்கு நேரம் போதும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன செய்தார்கள், என்ன விட்டுச் சென்றார்கள்.

ஏரியை நம்பி இருப்பவர்களிடம் பேசுங்கள்

நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் இருப்பவர்கள் மட்டும் ஊர் இல்லை. மதகுத் தண்ணீரை நம்பி இன்னும் பத்து ஏக்கர் நெல் போடுபவர், ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை மீன்பாசி குத்தகையாக எடுத்தவர், தூண்டில் போட்டு அன்றன்றைக்குக் குழம்புக்கு மீன் பிடிப்பவர், சலவைத் தொழிலாளர், ஆடு மாடு மேய்ப்பவர், கரையில் கீரை பறிக்கும் பெண்கள், கரையோர அம்மன் கோயில்காரர்கள். இவர்களைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைத்தால் வர மாட்டார்கள். கூட்டம் நடக்கும் மாலை ஆறு மணி அவர்களுக்கு வேலை நேரம். நாம்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பெண்களிடம் பெண்களே போய்ப் பேசினால் இன்னும் தெளிவாக வரும். எங்கள் ஏரியில் இரவு விளக்கு எங்கே வேண்டும் என்ற கேள்விக்கு நாங்கள் போட்டு வைத்திருந்த பதிலை, கரையோரத் தெருப் பெண்களிடம் பேசிய பிறகு முழுக்க மாற்றினோம். அவர்கள் ஏரிக்கரை முழுவதும் வெளிச்சம் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து தெருவுக்கு வரும் இருநூறு அடிக்கு மட்டும் கேட்டார்கள்.

மீன்பாசி குத்தகை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குத்தகைக் காலம் முடியும்போது தண்ணீரை இறக்கி மீன் அள்ளுவது, சீக்கிரம் வளரும் ஜிலேபி மீனை விடுவது, பறவைகளை வேட்டு போட்டு விரட்டுவது என்று சண்டை வருவது இங்கேதான். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் தடை செய்யப்பட்டது, அது ஏரிக்குள் வந்துவிட்டால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். குத்தகைதாரரை எதிரியாக்காதீர்கள். அடுத்த குத்தகை விடும் முன்பே எந்த மீன், எவ்வளவு தண்ணீருக்குக் கீழே இறக்கக் கூடாது, எந்த மாதங்களில் வலை இல்லை என்று நிபந்தனைகளை எழுதிக் குத்தகை விடும் அலுவலகத்தில் கொடுங்கள். ஏலம் முடிந்த பிறகு சொல்வதில் பயன் இல்லை.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர் மக்கள் கண்டதால், 18ஆம் நூற்றாண்டிலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று வெள்ளைக்காரரிடம் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அந்த உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார். சரணாலயச் சட்டமெல்லாம் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பயனும் பாசமும் இருக்கும் இடத்தில் காவலாளி தேவைப்படுவது குறைவு. உங்கள் ஏரியில் அந்தப் பயன் யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்து அவர்களைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

வரைபடத்தைப் பிரியுங்கள்

இப்போதுதான் வரைபடம். புல வரைபடத்தைப் பெரிதாக நகல் எடுத்து, முதலில் நீல மையால் முழு நீர் மட்டக் கோடும் நினைவில் உள்ள உச்ச வெள்ளக் கோடும் போடுங்கள். அதற்கு உள்ளே நிரந்தரக் கட்டடம் எதுவும் கிடையாது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களில் விதி வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. பாசனத்துக்காகவே கட்டிய ஏரிகளுக்கு அந்த விதி தானாகப் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல மனுக்கள் இதைச் சரிபார்க்காமல் விதியை மேற்கோள் காட்டித் தள்ளுபடி ஆகின்றன. சட்டமாகப் பொருந்தாத இடத்திலும் 50 மீட்டரை உங்கள் திட்டத்தின் சொந்த அளவாக வைத்துக்கொள்ள யாரும் தடுக்க முடியாது.

அடுத்து அமைதிப் பகுதி. வரத்துக் கால்வாய் ஏரிக்குள் நுழையும் முகம் பெரும்பாலும் ஆழம் குறைந்து, கோரையும் நாணலும் மண்டி இருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று முதலில் வழித்தெடுப்பது இதைத்தான். வண்டலும் அழுக்கும் அடங்குவதும், பறவை கூடு வைப்பதும், மீன் முட்டை இடுவதும் அங்கேதான். அந்தப் பக்கம் நடைபாதை வேண்டாம். நடைபாதை ஏரியைச் சுற்றி முழு வட்டமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாதி வட்டம் போய்த் திரும்பி வந்தாலும் நடந்த தூரம் அதேதான்.

நடைபாதை ஏற்கெனவே இருக்கும் மண் கரை மேல் இருக்கட்டும், சிமெண்ட் வேண்டாம். கரைச் சரிவு முழுவதும் செங்குத்தாகக் கல் சுவர் எழுப்பும் வழக்கம் பரவி வருகிறது. பிரதான கரைக்குக் கல் பதிப்பு தேவைதான், அலை அரிக்கும். எதிர்க்கரைப் பக்கம் நிலம் தானே மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்க வேண்டும். தவளையும் ஆமையும் ஏறி இறங்குவது அந்தச் சரிவில்தான். தவறி விழுந்த குழந்தை தட்டுத்தடுமாறிக் கரையேறுவதும் அந்தச் சரிவில்தான்.

மரம் நடுவதற்கும் இடம் பார்க்க வேண்டும். நீர்ப்பரப்புக்குள் கருவேலமும் நீர்க்கடம்பும் நம் ஏரிகளின் பழைய மரங்கள், வேடந்தாங்கலில் நாரைகள் கூடு கட்டுவது நீர்க்கடம்பில். கரையின் உச்சியிலும் மதகின் அருகிலும் ஆலும் அரசும் நடாதீர்கள், வேர் கரையைப் பிளக்கும். சீமைக்கருவேலத்தை அகற்றுவதானால் ஒரே கோடையில் மொட்டையடிக்க வேண்டாம். வேறு மரம் இல்லாத ஏரியில் பறவைகள் அதில்தான் கூடு வைத்திருக்கும். மாற்று மரம் வளர வளரப் பகுதி பகுதியாக எடுக்கலாம்.

எத்தனை பேர் வரலாம்?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது நினைவிருக்கும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று எண்ணிக்கையே வைத்தார்கள். மலைக்குப் போகும் சாலைகளில் சோதனைச் சாவடி இருப்பதால் அங்கே எண்ண முடிகிறது. நாலு தெரு வந்து சேரும் ஊர் ஏரியில் யார் எண்ணுவது?

இதற்கு வேறொரு வழி இருக்கிறது. அமெரிக்க வனப் பணித் துறையின் ஆய்வாளர்கள் 1985இல் வகுத்த முறை அது, மான்டானா மாநிலத்தின் பாப் மார்ஷல் காட்டுப்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. "எத்தனை பேர்?" என்ற கேள்வியை அவர்கள் கைவிட்டு, "எவ்வளவு மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டார்கள். ஏரிக்கு இதை எளிதாகப் பொருத்தலாம். கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய நான்கைந்து அறிகுறிகளைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு மாலைக்குப் பிறகு கரையில் கிடக்கும் குப்பை எத்தனை சாக்கு? அமைதிப் பகுதிக்குள் புதிதாக விழுந்த ஒற்றையடிப் பாதைகள் எத்தனை? போன ஆண்டு கூடு இருந்த மரங்களில் இந்த ஆண்டு எத்தனையில் கூடு? கரை மண் எத்தனை இடத்தில் சரிந்திருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வையுங்கள். எல்லை தாண்டினால் என்ன செய்வது என்பதையும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். குப்பை ஐந்து சாக்கைத் தாண்டினால் அடுத்த மாதம் முதல் தின்பண்டக் கடைகள் கரையிலிருந்து சாலை ஓரத்துக்கு. கூடுகள் பாதியாகக் குறைந்தால் கார்த்திகை முதல் பங்குனி வரை அந்தப் பக்கப் பாதை அடைப்பு. சண்டை வரும் முன்பே எழுதி ஒப்புக்கொண்ட விதி என்பதால் அப்போது யார் மீதும் கோபம் வராது.

படகு வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் எழும். மிதி படகு மட்டும், அமைதிப் பகுதியிலிருந்து மிதவைக் கயிறு கட்டிப் பிரித்து, வலசைப் பறவைகள் இருக்கும் மாதங்களில் நிறுத்தி வைத்து ஓட்டலாம். மோட்டார் படகும் ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. விளக்கு வேண்டிய இடத்தில் கீழ்நோக்கி மூடிய விளக்கு, மஞ்சள் வெளிச்சம்.

சாக்கடை கலக்கிறதா? அப்படியென்றால் மேலே சொன்ன எந்த வேலைக்கும் முன்பு அது. தனியாக விளக்கத் தேவையில்லை. பெங்களூரு ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த கழிவுநீரை நாணல் சூழ்ந்த ஈரநிலம் வழியாகச் செலுத்தி ஏரிக்குள் விடுகிறார்கள், ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

வேலைக்கும் பணத்துக்கும் ஆண்டு வரிசை

முதல் இரண்டு ஆண்டு எல்லை அளவீடு, கால்வாய் அடைப்பு நீக்கம், சாக்கடையைத் திருப்புதல், கலங்கல், மதகு பழுது. மூன்றிலிருந்து ஐந்து வரை தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தூர்வாரல், மரம், அமைதிப் பகுதி. அதன் பிறகுதான் இருக்கை, பாதை, குழந்தைகள் விளையாடும் இடம். அரசியல்வாதிகளுக்கு இந்த வரிசை பிடிக்காது, ரிப்பன் வெட்ட முதலில் எதுவும் இருக்காது. மதகு பழுது பார்த்து முதல் முறை தண்ணீர் திறக்கும் நாளை விழாவாக்குங்கள். பொங்கல் வைத்து, வயல்காரர்களைக் கூப்பிட்டு, உறுப்பினரை மதகு திறக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அது நன்றாகவே நடந்தது.

மண் வேலை எல்லாம் கோடையில். சித்திரையில் கூடுகள் காலியானதா என்று பார்த்துத் தொடங்கி, ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். வண்டல் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. எங்கே, எவ்வளவு ஆழம் எடுக்கலாம் என்று வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் லாரி ஏறுவதற்கு வசதியான கரையோரத்தில் பள்ளம் விழும், அடுத்த மழைக்கு அதில் பிள்ளைகள் இறங்குவார்கள்.

பணத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் பராமரிப்பு. கட்டுவதற்குப் பணம் வரும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், ஏரி வேலைக்கு அதிலிருந்து தருகிறார்கள். ஆனால் அந்தப் பணம் பலகை வைத்துப் படம் எடுக்கும் வேலைக்கே எளிதாகக் கிடைக்கிறது. கால்வாய் சுத்தம் செய்யும் இரண்டு ஆளுக்கு எட்டாவது ஆண்டில் கூலி கொடுக்க யாரும் முன்வருவதில்லை. எனவே ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் எதிரே மூன்று பத்தி எழுதுங்கள்: ஆண்டுக்கு என்ன பராமரிப்பு, யார் செய்வது, பணம் எந்தக் கணக்கிலிருந்து. மூன்றும் நிரம்பாத வேலையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் பட்டியலில் நீரூற்று இப்படித்தான் போயிற்று. ஆண்டுதோறும் புரட்டாசியில், பருவமழைக்கு முன்பு, வரத்துக் கால்வாய் சுத்தம் என்ற ஒரு வரி மட்டும் எந்த வெட்டிலும் போகாமல் இருக்கட்டும்.

யாரிடம் கொடுப்பது?

கிராமமானால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஏரித் தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், பதிவேட்டில் எண்ணோடு ஏறியதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். நகரமானால் பகுதி சபை, வார்டு குழு, பிறகு மன்றத் தீர்மானம். உயிரினப் பன்மைச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிரினப் பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் உயிரினப் பன்மைப் பதிவேடும் இருக்க வேண்டும். பல இடங்களில் பெயரளவில் இருக்கும். உங்கள் ஓராண்டு நோட்டு அந்தப் பதிவேட்டில் சேரட்டும். மதுரை அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் உயிரினப் பன்மை மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது இதே சட்டத்தின் கீழ்தான்.

திட்டத்தின் நீளம் இருபது பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் வரைபடம், இரண்டாம் பக்கத்தில் ஆண்டு வரிசை. அலுவலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதியவர் வந்த முதல் வாரத்தில் போய், குறைகளைச் சொல்லாமல், இந்த இரண்டு பக்கத்தை மட்டும் கொடுத்து ஒரு நாள் காலை ஏரிக்கு அழையுங்கள். எங்கள் அனுபவத்தில் வராதவர்கள் குறைவு. வந்தவரைக் கலங்கலில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அங்கிருந்து பார்த்தால் ஏரியும் தெரியும், தண்ணீர் போக வழியில்லாமல் கட்டிய வீடுகளும் தெரியும்.

ஆண்டுக்கு ஒரு நாள் மறுபார்வை. தை மாதம் நல்லது: மழை முடிந்து நீர் மட்டம் தெரியும், பறவைகள் இருக்கும், கோடை வேலைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். அன்றைக்கு நோட்டைத் திறந்து அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் படித்து, எல்லை தாண்டியதற்கு ஏற்கெனவே எழுதிய நடவடிக்கையை எடுங்கள். ஐந்தாம் ஆண்டில் வரைபடத்தையே புதிதாகப் போடுங்கள், அதற்குள் நீர்ப்பிடிப்பில் எத்தனையோ வீடு வந்திருக்கும். நோட்டை ஒரே ஆள் வைத்திருக்காமல் பள்ளிக்கூடத்தில் ஒரு நகல் இருக்கட்டும். எங்கள் நீர்க்கட்டிப் பெரியவரின் பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மதகுச் சுவரில் அடி பார்த்து எழுதுவது அவள்தான்.